லினக்ஸ் ஓடும் கேம் பெட்டியில் சத்தம் வரவில்லையா? ராமநாதபுரக் கடற்கரையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, மண்டபம், பாம்பன், தொண்டி என்று இந்தக் கரை நெடுகப் பல வீடுகளில் ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். விடுமுறைக்கு வரும்போது அத்தர், பாதாம், போர்வையோடு பிள்ளைகளுக்கு ஒரு கேம் கருவியும் பெட்டியில் வருகிறது. கேள்விகள் அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில்தான். பள்ளி விடுமுறை ஒருபக்கம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுக்குப் போகும் இளவட்டங்களும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

கட்டளைகளைப் போனில் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எந்தக் கருவிகளுக்கு இது பொருந்தும்?

முக்கியமாக, வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக்குக்கு. 2022 பிப்ரவரியில் வந்த எல்சிடி மாடல், 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடல் இரண்டுக்கும். அதில் இருக்கும் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ் 3, லினக்ஸின் ஒரு வகையான ஆர்ச் லினக்ஸ் வழி வந்ததுதான். டெஸ்க்டாப் முறைக்கு மாறினால் கேடிஇ பிளாஸ்மா திரை வரும். அடுத்து, பழைய காலத்து விளையாட்டுகளை ஓட்டும், ஆன்பெர்னிக் போன்ற சிறிய ரெட்ரோ கைக்கருவிகள். கடைசியாக, லினக்ஸ் போட்ட பழைய பிளேஸ்டேஷன் 3.

நின்டென்டோ ஸ்விட்சில் இருப்பது லினக்ஸ் இல்லை. பிளேஸ்டேஷன் 4-இல் சோனி போட்டுத் தருவது ஃப்ரீபிஎஸ்டி வழி வந்தது. அவற்றுக்கு இங்கே பதில் இல்லை.

சத்தமே இல்லை. எங்கே தொடங்குவது?

ஒலி உருவாகவே இல்லையா, உருவாகி வேறு எங்கோ போகிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தாலும் நம் வயல் பக்கத்து மடை மூடியிருந்தால் பயிர் காயத்தானே செய்யும்.

அந்த மடையைத் திறந்து மூடுகிற வேலையை ஸ்டீம் டெக்கில் பைப்வயர் என்ற நிரலும் அதன் மேற்பார்வையாளர் வயர்பிளம்பரும் செய்கின்றன. அவற்றுக்குக் கீழே, வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது லினக்ஸின் உட்கருவான கெர்னலில் இருக்கும் ஆல்சா. விளையாட்டு பைப்வயரிடம் ஒலியைக் கொடுக்கும், பைப்வயர் ஆல்சாவிடம் கொடுக்கும், ஆல்சா சிப்பிடம் கொடுக்கும். கோளாறு இந்த மூன்றில் எந்தக் கைமாற்றத்தில் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

விளையாட்டுத் திரையிலேயே மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தி ஒலியளவைப் பாருங்கள். பிறகு ஸ்டீம் பொத்தான், செட்டிங்ஸ், ஆடியோ. அவுட்புட் டிவைஸ் என்ற இடத்தில் எது தேர்வாகி இருக்கிறது? டிவியில் செருகாமலே டிவியின் பெயர் நின்றாலோ, வீட்டில் எப்போதோ இணைத்த புளூடூத் பெட்டியின் பெயர் நின்றாலோ காரணம் அங்கேயே இருக்கிறது.

அதில் பிடிபடவில்லை என்றால் டெஸ்க்டாப் முறைக்கு மாறி, கன்சோல் என்ற, கட்டளை தட்டும் நிரலைத் திறந்து இதைத் தட்டுங்கள்: டபிள்யூபிசிடிஎல், இடைவெளி, ஸ்டேட்டஸ். நீளமாக ஒரு பட்டியல் ஓடும். அதில் சிங்க்ஸ் என்ற தலைப்புக்குக் கீழ் மட்டும் பாருங்கள். ஒலி வெளியேறும் வழிகள் வரிசையாக இருக்கும். எந்த வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கிறதோ, இப்போது ஒலி போவது அங்கேதான். வரியின் கடைசியில் வால் என்று போட்டு 0.40 போல ஒரு எண் இருக்கும். அதன் பக்கத்தில் மியூட்டட் என்று இருந்தால் யாரோ வாயை அடைத்திருக்கிறார்கள். நட்சத்திரத்தை மாற்ற, வேண்டிய வரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, டபிள்யூபிசிடிஎல், இடைவெளி, செட்-டிஃபால்ட், இடைவெளி, அந்த எண். அந்த எண் நிரந்தரம் இல்லை. அடுத்த முறை கருவியைத் திறக்கும்போது மாறியிருக்கலாம். எழுதி ஒட்டி வைக்காதீர்கள்.

பழைய வழிகாட்டி ஒன்றில் பல்ஸ்ஆடியோவைக் கொன்று மறுபடி தொடங்கச் சொல்கிறார்கள். சரியா?

ஒரு காலத்தில் சரி. ஆல்சா 1998-இல் யாரோஸ்லாவ் கிசேலா தொடங்கியது. இப்போது பைப்வயர் செய்யும் வேலையை முன்பு செய்த பல்ஸ்ஆடியோ 2004-இல் வந்தது. பைப்வயர் விம் டேய்மன்ஸ் எழுதியது, அதன் 1.0 பதிப்பு 2023 நவம்பரில்தான் வெளியானது. இன்றைய ஸ்டீம்ஓஎஸ்ஸில் பல்ஸ்ஆடியோ கிடையாது, அதன் வேடத்தில் பைப்வயர் நிற்கிறது. மறுபடி தொடங்க வேண்டுமென்றால்: சிஸ்டம்சிடிஎல், இடைவெளி, இரண்டு கழித்தல் குறி ஒட்டி யூசர், இடைவெளி, ரீஸ்டார்ட், பிறகு இடைவெளி விட்டு பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர். முன்னால் சூடோ போடாதீர்கள். இது பயனருக்கான சேவை, ரூட் என்ற தலைமைக் கணக்குக்கானது அல்ல.

காக்கா, ஹெட்போனைக் கழற்றிட்டேன். ஆனாலும் ஸ்பீக்கர்ல சத்தம் வரல. வாப்பா துபாய்ல இருந்து கொண்டாந்து ஆறு மாசம்தான் ஆச்சு.

தம்பி, இந்தக் கரையில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஹெட்போன் துளைக்குள் ஒலிக்கான தொடுமுனைகளோடு, "முள் உள்ளே வந்துவிட்டதா" என்று பார்க்கிற ஒரு முனையும் உண்டு. அது சொல்வதை நம்பித்தான் கருவி ஸ்பீக்கரை அணைக்கிறது, திறக்கிறது. ஸ்டீம் டெக்கில் இந்தத் துளை மேல் விளிம்பில், வானத்தைப் பார்த்தபடி இருக்கிறது. மொட்டை மாடியில், படகுத்துறையில், பாம்பன் பாலத்துக் காற்றில் உட்கார்ந்து விளையாடினால் உப்பு ஈரம் நேராக அதற்குள் இறங்கும். உப்பு உலர்ந்தாலும் அங்கேயே படிந்திருக்கும், அடுத்த ஈரக்காற்றில் மறுபடி நனையும். முலாம் தேய்ந்த இடத்தில் செம்பு வெளியே தெரிந்ததும் களிம்பு ஏறத் தொடங்கும். அப்புறம் முள் இல்லாமலே முள் இருப்பதாக அந்த முனை சாதிக்கும்.

உறுதிப்படுத்துவது எளிது. ஹெட்போன் செருகாத நிலையில் டெஸ்க்டாப் முறையில் வலது கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டிப் பார். பட்டியலில் ஹெட்போன் என்றே நிற்கிறதா? இப்போது ஏதாவது ஒரு ஹெட்போன் முள்ளைச் செருகி, மெல்லத் திருகி, வெளியே எடு. ஒரு கணம் ஸ்பீக்கர் என்று மாறி மறுபடி ஹெட்போன் என்று குதித்தால் சந்தேகமே வேண்டாம். டார்ச்சைச் சாய்த்துத் துளைக்குள் அடித்துப் பார். சுத்தமான துளையில் உள்ளே இருக்கும் இலைகள் மஞ்சளாகவோ வெள்ளியாகவோ மினுங்கும். கெட்டதில் ஓரத்தில் பச்சையாக, பொடி போல ஒன்று ஒட்டியிருக்கும்.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கு. மருந்துக்கடையில் காயத்துக்குத் தருகிற ஸ்பிரிட் ஆகாது, அதில் கணிசமாகத் தண்ணீர் கலந்திருக்கும். கருவியைத் தூங்கவைத்தால் போதாது, முழுவதும் அணைக்க வேண்டும். வீணாய்ப்போன ஒரு பழைய ஹெட்போனின் முள்ளை ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாமல் உதறி, துளைக்குள் விட்டுத் திருகி எடு. முள்ளில் கறுப்பாகவோ பச்சையாகவோ ஒட்டிக்கொண்டு வரும். துடைத்துவிட்டு மறுபடி. சுத்தமாக வரும்வரை. பிறகு துளை கீழே பார்க்கும்படி வைத்து சில மணி நேரம் காயவிட்டுத்தான் கருவியை இயக்க வேண்டும்.

உப்புத்தாளைச் சுருட்டித் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கிற முலாமும் போய்விடும், அடுத்த வாடைக்காற்றில் மறுபடி வந்து நிற்பீர்கள். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்த பெட்டியையும் பார்த்தாயிற்று. அதற்கு என்ன சொல்ல.

சுத்தம் செய்யும்வரை அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: அதே ஸ்பீக்கர் படத்தில் வெளியேறும் இடத்தைக் கையால் ஸ்பீக்கர் என்று மாற்றினால் சில நேரம் கேட்கும். டைப்-சி ஹெட்போனோ புளூடூத்தோ இருந்தால் அந்தத் துளையை மறந்தே விடலாம்.

வராமல் தடுக்க?

விளையாடி முடித்ததும் மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். சூடாக்கி உலர்த்தினால் மறுபடி நீலமாகும். துளைக்குச் சிலிக்கான் மூடி கிடைக்கிறது. அரிசிப் பானையில் போடுவதால் தூசிதான் சேரும்.

டிவியில் படம் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. கருவியை டிவியோடு இணைக்கும் டாக் புதுசு.

எச்டிஎம்ஐயில் படமும் ஒலியும் ஒரே கம்பியில்தான் போகின்றன. படம் வந்தால் கம்பியைச் சந்தேகிக்க வேண்டிய தேவை குறைவு.

டிவியின் பக்கத்தை முதலில் பாருங்கள், ஏனென்றால் லினக்ஸைத் திட்டிவிட்டுக் கடைசியில் டிவியில் கண்டுபிடிப்பதுதான் வழக்கம். வீட்டில் ஹோம் தியேட்டர் இருந்து டிவியின் ஒலி வெளியீட்டை ஆப்டிகல் என்றோ ஏஆர்சி என்றோ மாற்றியிருந்தால், டிவி ஸ்பீக்கர் பேசாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: சில டிவிகளில் எச்டிஎம்ஐ துளைக்குப் பெயர் வைக்கலாம். அங்கே டிவிஐ அல்லது பிசி என்று பெயர் வைத்துவிட்டால், ஒலி தனிக் கம்பியில் வரும் என்று டிவி நினைத்துக்கொள்ளும். டிவிஐயில் ஒலிக்கு இடமில்லை என்பதால் அப்படி. பெயரைக் கேம் என்று மாற்றினால் வேலை முடிந்தது.

அங்கே எல்லாம் சரி என்றால் லினக்ஸ் பக்கம் வாருங்கள். டெஸ்க்டாப்பில் ஆடியோ அமைப்புக்குள் போனால் ஏஎம்டி அல்லது ரேடியான் என்ற பெயரோடு ஒரு சாதனம் இருக்கும், டிவிக்கு ஒலி அனுப்புவது அதுதான். அதன் புரொஃபைல் ஆஃப் என்று இருந்தால் டிஜிட்டல் ஸ்டீரியோ எச்டிஎம்ஐ என்று மாற்றுங்கள். வழி இருக்கிறது, ஆனால் கிடைக்காது என்று மங்கலாகத் தெரிந்தால், டிவி தன்னால் எந்த ஒலியை வாங்க முடியும் என்று சொல்லவே இல்லை என்று பொருள். டிவியை முதலில் போட்டு, அது முழுவதும் விழித்த பிறகு டாக்கில் கருவியைச் செருகுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு இந்தத் தொல்லை அதிகம். டிவி எழும் முன்பே கருவி கேட்டுவிடும், பதில் கிடைக்காது.

ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் சாய்கோடு-பிராக்-சாய்கோடு-ஏசவுண்ட் என்ற அடைவுக்குள் ஒவ்வொரு கார்டின் கீழும் ஈஎல்டி என்று தொடங்கும் கோப்புகளைத் திறக்கலாம். மானிட்டர் பிரசன்ட் 1 என்றும் ஈஎல்டி வேலிட் 1 என்றும் இருந்தால் டிவி பதில் சொல்லிவிட்டது. முதலாவது 1, இரண்டாவது 0 என்றால் இடையில் இருக்கும் டாக்கோ மாற்றியோ விழுங்கிவிட்டது.

பின்னணி இசை, வெடிச்சத்தம் எல்லாம் கேட்கிறது. யார் பேசினாலும் கேட்கவில்லை.

புரொஃபைல் 5.1 சரவுண்டில் இருக்கிறது. 5.1-இல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்கள் டிவியில் இடது, வலது இரண்டுதான். மேலே சொன்ன அதே இடத்தில் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். விளையாட்டுக்குள்ளும் ஒலி அமைப்பில் ஸ்டீரியோ என்று ஒன்று இருந்தால் அதையும் மாற்றுங்கள். சில விளையாட்டுகள் தொடங்கும்போது மட்டுமே இதைக் கவனிக்கும், மூடித் திறக்க வேண்டும்.

பட்டியலில் டம்மி அவுட்புட் என்று மட்டும் இருக்கிறது.

பைப்வயருக்கு ஒரு ஒலி அட்டையும் கண்ணில் படவில்லை, அதனால் ஒப்புக்கு ஒன்றை நிறுத்தியிருக்கிறது. ஏபிளே, இடைவெளி, கழித்தல் குறி, எல் என்று தட்டிப் பாருங்கள். அட்டைகள் வரிசையாக வந்தால் கெர்னலுக்குத் தெரிகிறது, பைப்வயருக்குத்தான் தெரியவில்லை: மேலே சொன்ன மறுதொடக்கம் போதும். ஏபிளேயும் கையை விரித்தால் ஒலி சிப்பை இயக்கும் டிரைவரோ, அதற்குள் ஏற்ற வேண்டிய ஃபெர்ம்வேரோ இல்லை. ஸ்டீம்ஓஎஸ்ஸை எடுத்துவிட்டு வேறு லினக்ஸ் போட்டவர்களுக்கு, அதிலும் ஓஎல்இடி மாடலில், இது வரும். அந்த மாடலின் ஒலி டிஎஸ்பி என்ற ஒலிச் செயலி வழியாகப் போகிறது, அதற்கென்று தனி ஃபெர்ம்வேர் கோப்பு வேண்டும். புதிய கெர்னல் உள்ள வெளியீட்டுக்கு மாறுங்கள், அல்லது ஸ்டீம்ஓஎஸ்ஸுக்கே திரும்புங்கள். ஒலிக்காக ஒரு வாரம் மல்லுக்கட்டுவதைவிட அது மேல் என்பது என் கட்சி.

தூங்கவைத்து எழுப்பினால் சத்தம் போய்விடுகிறது.

மறுதொடக்கக் கட்டளை. அதற்கும் மசியவில்லை என்றால் முழு ரீஸ்டார்ட். புதுப்பிப்பு வந்திருந்தால் போடுங்கள்.

ஒரே ஒரு விளையாட்டில், அதுவும் கதைக்காட்சி வரும்போது மட்டும் சத்தமும் இல்லை, படமும் இல்லை. வண்ணப் பட்டைகள் தெரிகின்றன.

ஒலி அமைப்பில் கை வைக்காதீர்கள். விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓடவைக்கிற புரோட்டானுக்கு அந்தக் காணொளியை விரித்துக் காட்டும் கோடெக் கைவசம் இல்லாதபோது, பழைய தூர்தர்ஷன் காலத்து வண்ணப் பட்டைகளைக் காட்டிச் சமாளிக்கும். விளையாட்டின் பண்புகளுக்குள் போய் கம்பேட்டிபிலிட்டியில் வேறு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். குளோரியஸ்எக்ரோல் என்பவர் தொகுக்கும் புரோட்டான்-ஜிஇயில் கூடுதல் கோடெக்குகள் இருக்கின்றன. பலருக்கு அதில் தீர்ந்துவிடுகிறது.

கடுகு பொரிகிற மாதிரி சடசடக்கிறது.

ஒலி சிறு சிறு கட்டங்களாகப் போகிறது. பைப்வயரின் வழக்கமான கட்டம் 1024 மாதிரிகள். நொடிக்கு 48,000 என்ற வேகத்தில் அது சுமார் 21 மில்லி நொடி. அதற்குள் அடுத்த கட்டத்தை விளையாட்டு தயாரித்துக் கொடுக்காவிட்டால் இடையில் விழும் வெற்றிடம்தான் அந்தச் சடசடப்பு. பேட்டரியை மிச்சப்படுத்த மின்வரம்பை அடியோடு குறைத்திருந்தால் முதலில் அதை உயர்த்துங்கள்.

பிறகும் இருந்தால் விளையாட்டின் லாஞ்ச் ஆப்ஷன்ஸில் இதை இடுங்கள், முன்பாதி முழுவதும் பெரிய எழுத்து: பல்ஸ், அடிக்கோடு, லேட்டன்சி, அடிக்கோடு, எம்எஸ்இசி, சமக்குறி, 60. பிறகு இடைவெளி விட்டு, சதவீதக் குறி, சிறிய எழுத்தில் கமாண்ட், சதவீதக் குறி. ஒலி கொஞ்சம் பிந்தும், ஆனால் உடையாது. துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு அந்தப் பிந்தல் உறுத்தினால் 60-ஐ 40 ஆக்கிப் பாருங்கள்.

எல்லா விளையாட்டிலும் சடசடத்தால்: பிடபிள்யூ-மெட்டாடேட்டா, இடைவெளி, கழித்தல் குறி என், இடைவெளி, செட்டிங்ஸ், இடைவெளி, 0, இடைவெளி, கிளாக் புள்ளி ஃபோர்ஸ்-குவாண்டம், இடைவெளி, 2048. கட்டம் இரட்டிப்பாகும். பழையபடி ஆக்க 2048 இடத்தில் 0 போடுங்கள்.

சார்ஜில் போட்டால் மட்டும் ஹோம் தியேட்டரில் ங்ங் என்று இரைகிறது.

இது லினக்ஸ் இல்லை, மின்சாரம். கருவியின் சார்ஜருக்கும் பெருக்கிக்கும் இடையே எர்த் வழியாக ஒரு சுற்று உருவாகிவிட்டது. துபாயில் வாங்கிய சார்ஜர் தட்டையான மூன்று முள்ளோடு வரும். அதை நம் பிளக்கில் மாட்ட ஒரு மலிவு அடாப்டர், அது எர்த்தையும் விட்டுவிடும், ஆட்டமும் கொடுக்கும். நல்ல டைப்-சி பிடி (பவர் டெலிவரி) சார்ஜர் உள்ளூரிலேயே கிடைக்கிறது, 45 வாட் இருந்தால் போதும்.

வீட்டு எர்த்தையும் ஒரு எலெக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். காய்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. நம் ஊர்க் கோடையில் எர்த் குழி வறண்டு கிடக்கும். தண்ணீர் ஊற்றி வைத்தாலே வித்தியாசம் தெரியும். சத்தத்துக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகச் செய்ய வேண்டிய வேலை இது. எர்த் முள்ளை உடைத்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆக்ஸ் கம்பிக்கு நடுவில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டி அதே வேலையை ஆபத்தில்லாமல் செய்யும்.

அண்ணே, புளூடூத்ல பந்து பட்டதுக்கு அப்புறம்தான் சத்தம் வருது.

புளூடூத்தின் இயல்பு அது. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்து முடிக்க நேரமாகும். கம்பி போடுங்கள்.

மைக்கை இயக்கியதும் பாட்டு முழுவதும் பழைய லேண்ட்லைன் தரத்துக்கு இறங்கினால், புரொஃபைல், நல்ல தரத்தில் பாட்டு கேட்கும் ஏ2டிபி முறையிலிருந்து ஹெட்செட் முறைக்கு மாறியிருக்கிறது. ஆடியோ அமைப்பில் மறுபடி ஏ2டிபியைத் தேர்ந்தெடுங்கள், பேசுவதற்குக் கருவியிலேயே இருக்கும் மைக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய டப்பா டிவிதான். மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள்.

எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் சிறு பெட்டி வேண்டும், அதற்கு யுஎஸ்பி மின்சாரமும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் படம் மங்கலாக வந்து ஒலி வராமல் போகலாம். ஒலி சிவப்பிலும் வெள்ளையிலும். டிவியில் ஒரே ஒலித் துளை இருந்தால் வெள்ளையைச் செருகுங்கள்.

சின்ன ரெட்ரோ கருவியில் ஸ்பீக்கர் ஊமை. ஹெட்போனில் கேட்கிறது.

ஆர்கே3326 சிப் உள்ள பல கருவிகளில் ஒலிக்கு ஆர்கே817 என்ற சிப் இருக்கிறது. அதன் மிக்ஸரில் பிளேபேக் பாத் என்று ஒரு தேர்வு உண்டு. ஆஃப், எஸ்பிகே, எச்பி என்று மதிப்புகள். எச்பியில் மாட்டிக்கொண்டால் ஸ்பீக்கர் பேசாது. டெர்மினல் திறக்க முடிந்தால் ஆல்சாமிக்சர் என்று தட்டி, அம்புக்குறியால் அந்த இடத்துக்குப் போய் எஸ்பிகேக்கு மாற்றுங்கள். திரும்பத் திரும்ப எச்பிக்கே போனால் ஹெட்போன் துளைதான், மேலே தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பிளேஸ்டேஷன் 3-இல் இன்றும் லினக்ஸ் போடலாமா?

சோனி 2010 ஏப்ரல் 1 அன்று வெளியிட்ட 3.21 ஃபெர்ம்வேர் அந்த வசதியை எடுத்துவிட்டது. அதற்கு முன்பே போட்டு, புதுப்பிக்காமல் வைத்திருக்கிறவர்களுக்கு: எஸ்என்டி, அடிக்கோடு, பிஎஸ்3 என்ற டிரைவர் மாடியூல் ஏறியிருக்கிறதா என்று எல்எஸ்மாட் கட்டளையில் பாருங்கள். அதில் பைப்வயர் எல்லாம் இருக்காது, நேரே ஆல்சாதான்.

எல்லாவற்றையும் மாற்றிக் குழப்பிவிட்டேன். ஃபேக்டரி ரீசெட் போடட்டுமா?

வேண்டாம், கருவிக்குள் மட்டும் சேமித்து வைத்தவை எல்லாம் போய்விடும். டால்ஃபின் கோப்பு உலாவியில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, ஹோமுக்குள் புள்ளி-லோக்கல், அதற்குள் ஸ்டேட், அதற்குள் வயர்பிளம்பர் அடைவை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எந்தச் சாதனம், எவ்வளவு ஒலி என்று அது நினைவில் வைத்திருந்தது எல்லாம் போய், புதிதாகத் தொடங்கும். விளையாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது.

ஹோமுக்கு வெளியே சிஸ்டம் கோப்புகளில் கை வைத்திருந்தால் கவலையும் வேண்டாம், ஆசையும் வேண்டாம். ஸ்டீம்ஓஎஸ்ஸின் சிஸ்டம் பகுதி படிக்க மட்டுமே. நீங்கள் பூட்டைத் திறந்து மாற்றியிருந்தாலும் அடுத்த புதுப்பிப்பு அதை அழித்துவிடும்.

எப்போது கடைக்குக் கொண்டுபோவது?

ஏபிளே பட்டியலில் அட்டை இருந்து, நட்சத்திரம் ஸ்பீக்கரில் இருந்து, மியூட் இல்லாமல், துளையும் சுத்தமாக இருந்து, அப்போதும் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் ஊமை என்றால் ஸ்பீக்கரோ அதன் ரிப்பன் கம்பியோ போயிருக்கிறது. கடலில் விழுந்த கருவி என்றால் எதையும் சோதிக்காதீர்கள், சார்ஜிலும் போடாதீர்கள். இயக்கிப் பார்க்காமல், அணைத்த நிலையிலேயே அன்றைக்கே கொண்டுபோங்கள், விழுந்தது உப்புத் தண்ணீர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் என்று சொன்னால் கடைக்காரர் வெறுமனே காயவைத்துக் கொடுத்துவிடுவார்.